சேம அச்சு

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே வடக்கு நோக்கிச் செல்வோர் முதலியார்சாவடிகளைக் கடந்து, பொம்மையார்பாளையத்தைக் கடந்து, பிள்ளைச்சாவடியை அடைவர். அதற்கு அப்பால் காலாப்பட்டு. சாவடி என்னும் சொல்லுக்கு வழிப்போக்கர் தங்கி இளைப்பாறும் இடம் என்று பொருள். கால்நடையாகவும் மாட்டு வண்டியிலும் மக்கள் பயணம் செய்த காலத்தில் வழியில் ஏதேனும் நேரும் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அதனால்தான் வழிநெடுகச் சாவடிகள் எழுந்தன. இன்று பெயர்கள் மட்டும் பலகைகளில் நிற்கின்றன. நிற்காமல் செல்வதற்கென்றே அமைந்த சாலையில், நிற்பதற்கான இடங்களின் பெயர்களை நாம் மணிக்கு எண்பது கிலோமீட்டர் வேகத்தில் வாசித்துக்கொண்டு போகிறோம்.

சென்ற ஆண்டு ஆகஸ்டு மாதத்தின் மூன்றாம் வாரத்தில், ஒரு ஞாயிறு மாலை, இந்தப் பிள்ளைச்சாவடியில் நாம் நிற்க நேர்ந்தது. சாலையின் இடப்புற மணலில் தரையோடு தரையாகப் படிந்த சிவப்பு நிறப் பந்தயக் கார் ஒன்று, பின்சக்கரம் தட்டையாகிச் சாய்ந்து கிடந்தது. அருகில் முப்பது வயது மதிக்கத்தக்க இளைஞர் ஒருவரும் அவருடைய மனைவியும் நின்றனர். வார இறுதிகளில் சென்னையிலிருந்து புதுவைக்கு இத்தகைய வண்டிகள் சீறி வருவது இப்பக்கத்து மக்களுக்குப் பழக்கமான காட்சி. அவற்றுள் ஒன்று இவ்வாறு கையற்று நிற்பதுதான் புதுமை.

"ஸ்டெப்னி இல்லையா தம்பி?" என்று கேட்டோம்.

"இந்த வண்டிக்கு ஸ்டெப்னியே கிடையாதுங்க ஐயா" என்றார் அவர்.

அந்த விடை நம்மை வியப்பில் ஆழ்த்தியது. பிறகு விசாரித்து அறிந்தவை வருமாறு. பந்தயக் கார்களின் முன்சக்கரமும் பின்சக்கரமும் பெரும்பாலும் ஒரே அளவினவாக இருப்பதில்லை; எனவே ஒரு மாற்றுச் சக்கரம் இரண்டிற்கும் பொருந்தாது. அதை வைப்பதற்கு இடமும் இல்லை. எடையைக் குறைப்பதே அவ்வண்டியின் அறம். ஆகவே மாற்றுச் சக்கரத்திற்குப் பதிலாக ஒரு குப்பியில் பிசின் போன்ற திரவத்தையும், சிறு காற்றடிக்கும் கருவி ஒன்றையும் வைத்துக் கொடுக்கிறார்கள். டயரின் தரை தொடும் பகுதியில் ஆணி குத்தினால், ஏறத்தாழ ஆறு மில்லிமீட்டர் வரையிலான துளையை அத்திரவம் உள்ளிருந்து அடைக்கும். டயரின் பக்கச்சுவர் கிழிந்தால் அதனால் பயனில்லை. அக்குப்பிக்குக் காலாவதி ஆண்டும் உண்டு. சில வண்டிகளில் காற்றுப் போன பின்னும் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் ஏறத்தாழ எண்பது கிலோமீட்டர் தொலைவு ஓடக்கூடிய தடித்த டயர்களைப் பூட்டுகிறார்கள். நம் நாட்டிலும் 2020ஆம் ஆண்டு முதல், டியூப் இல்லாத டயரும், காற்றழுத்தத்தைக் காட்டும் கருவியும், பஞ்சர் ஒட்டும் சாதனமும் உள்ள கார்களுக்கு மாற்றுச் சக்கரம் கட்டாயமில்லை என்று மைய அரசு விதியைத் தளர்த்திவிட்டது.

அந்த இளைஞர் குப்பியைப் பயன்படுத்திப் பார்த்திருந்தார். குழி ஒன்றின் விளிம்பு பக்கச்சுவரை அரிந்திருந்தது. அகலமான, ஆனால் உயரம் குறைந்த டயர்களுக்கு நம் சாலைக் குழிகள் எமன். வெண்ணிறத் திரவம் மணலில் வடிந்து கிடந்தது. ஏற்றிச் செல்லும் வண்டி சென்னையிலிருந்து வர மூன்று மணி நேரம் ஆகும் என்று கைப்பேசியில் சொல்லியிருந்தார்கள். இருட்டத் தொடங்கியிருந்தது.

இந்தச் சிறு நிகழ்ச்சி நம் உள்ளத்தில் எழுப்பிய வினா பெரியது. வரப்போகும் இடருக்காக ஆயத்தம் செய்துகொள்வது அறமா? அல்லது இறைவன்மீது கொள்ளவேண்டிய நம்பிக்கையில் அது ஒரு குறைபாடா? கிறித்தவர்களாகிய நமக்கு இவ்வினா எளிதன்று. ஏனெனில் நம் ஆண்டவர் இரண்டையும் சொல்லியிருக்கிறார்.

மலைப்பொழிவில் நாளையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்கிறார்; வானத்துப் பறவைகளையும் காட்டுப் பூக்களையும் சாட்சிக்கு அழைக்கிறார். அதே மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில், மணமகனை எதிர்கொள்ளப் போன தோழியர் பதின்மருள் கலங்களில் எண்ணெய் எடுத்துச் சென்ற ஐவரையே முன்மதி உடையவர்கள் என்று பாராட்டுகிறார். எடுத்துச் செல்லாத ஐவருக்கும் கதவு அடைபடுகிறது. சீடர்களை அனுப்பும்போது பையோ உணவோ பணமோ வேண்டாம் என்கிறார். மாற்கு கைத்தடியை மட்டும் அனுமதிக்கிறார். மத்தேயுவும் லூக்காவும் அதையும் மறுக்கின்றனர். ஆனால் இறுதி இரா உணவின்போது அதே சீடர்களிடம், அன்று ஒன்றுமில்லாமல் போனீர்களே, ஏதாவது குறைபட்டதா என்று கேட்டு, இல்லை என்ற விடையைப் பெற்ற பின்னர், இப்போதோ பணப்பை உள்ளவர் அதை எடுத்துக்கொள்ளட்டும் என்கிறார். லூக்கா 22ஆம் அதிகாரத்தைப் படிக்கும்போதெல்லாம் இந்த 'இப்போதோ' என்னும் சொல்லில் நாம் தடுக்கி நின்றிருக்கிறோம்.

புனித தோமா அக்குவினார் இச்சிக்கலைத் தமக்கே உரிய அமைதியுடன் அவிழ்க்கிறார். ஒவ்வொரு பருவத்திற்கும் உரிய கவலை ஒன்று உண்டு. கோடையில் அறுவடையைக் குறித்தும் இலையுதிர் காலத்தில் திராட்சைக் கொய்தலைக் குறித்தும் கவனம் கொள்வது முறை. கோடையிலேயே திராட்சையைப் பற்றிப் பதறுகிறவன் வருங்காலத்தின் கவலையை முன்கூட்டியே பறித்துக்கொள்கிறான். ஆண்டவர் விலக்கியது அதைத்தான் என்பது அவர் விளக்கம். எறும்பின் ஆயத்தத்தை நீதிமொழிகள் நூல் புகழ்வதையும் அவர் மறக்கவில்லை. முன்னறிந்து ஏற்பாடு செய்தலே முன்மதி என்னும் நற்பண்பின் தலையாய உறுப்பு என்றும் கூறுகிறார். இலத்தீன் மொழியில் மனிதரின் முன்மதியைக் குறிக்கும் சொல்லும், நாம் இறைப் பராமரிப்பு என்று மொழிபெயர்க்கும் சொல்லும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. அப்படியானால், நாம் ஜாக்கியை எடுத்து வைக்கும்போது இறைவனின் பராமரிப்பை ஐயுறவில்லை. அதில் நம் சிறு பங்கை ஏற்கிறோம். ஏதுமின்றிப் புறப்பட்டுவிட்டுக் காவல் தூதர் பார்த்துக்கொள்வார் என்று இருப்பது, கோவிலின் உச்சியில் நின்றுகொண்டு குதி என்று சொன்னவனின் குரலுக்கு மிக அருகில் இருக்கிறது.

நம் தமிழ் முன்னோர் இதைப் பற்றி என்ன எண்ணினர்? புறநானூற்றின் 102ஆம் பாடல் நினைவுக்கு வருகிறது. அதியமானின் மகன் பொகுட்டெழினியை ஔவையார் பாடியது அது. உமணர் எனப்பட்ட உப்பு வணிகர்கள் வண்டி கட்டிப் புறப்படுகின்றனர். பூட்டிய எருதுகள் இளையவை, நுகம் பழகாதவை. ஏற்றிய பாரமோ பெரிது. வண்டி பள்ளத்தில் இறங்கினாலும் மேட்டில் ஏறினாலும் அங்கே என்ன நேரும் என்பதை யார் அறிவார்? எனவே அவர்கள் வண்டியின் அடிமரத்தில் இன்னோர் அச்சைக் கட்டி வைக்கின்றனர். அதன் பெயர் சேம அச்சு. அரசனே அந்தச் சேம அச்சைப் போன்றவன் என்பது ஔவையாரின் உவமை.

ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய இந்த ஸ்டெப்னியைக் கண்டு நாம் மகிழாமல் இருக்க முடியுமா? இன்றைய 'ஸ்டெப்னி' என்ற சொல்லோ வேல்ஸ் நாட்டின் லனெல்லி நகரத்துத் தெரு ஒன்றின் பெயர். 1904ஆம் ஆண்டில் அத்தெருவில் டேவிஸ் உடன்பிறப்புகள் இருவர் மாற்றுச் சக்கர வளையத்தை உருவாக்கி விற்றனர். அதுவரை மோட்டார் வண்டிகள் மாற்றுச் சக்கரமின்றியே ஓடின. பஞ்சரானால் வழியிலேயே டயரைக் கழற்றி ஒட்டவேண்டியிருந்தது. ஆங்கிலேயர் தம் நாட்டில் அச்சொல்லை மறந்துவிட்டனர். நம் ஊர்ப் பஞ்சர் கடைகளில் அது வாழ்கிறது. உமணரின் சொல் ஏட்டில் உறங்குகிறது. பிள்ளைச்சாவடியிலிருந்து இதே சாலையில் இன்னும் சற்று வடக்கே போனால் மரக்காணத்து உப்பளங்கள் வெண்குவியல்களாகத் தென்படும். இன்றும் அங்கிருந்து உப்பு ஏற்றிப் புறப்படும் லாரிகளின் அடியில் மாற்றுச் சக்கரம் கட்டப்பட்டிருப்பதைக் காணலாம். இடம் மாறவில்லை, ஔவையார் கண்ட அதே அடிப்பகுதிதான்.

அந்தப் பாடலில் நமக்குப் பிடித்தது உமணர் கேட்கும் கேள்வி. யார் அறிவார் என்கின்றனர். அதில் அச்சம் இல்லை; வழியை மதிக்கும் பணிவு இருக்கிறது. பள்ளத்தையும் மேட்டையும் தாங்கள் ஆளவில்லை என்று ஒப்புக்கொண்டவர்களே சேம அச்சைக் கட்டுகின்றனர். எனக்கு ஒன்றும் நேராது என்பவன் கட்டமாட்டான். நேர்ந்தால் கைப்பேசியில் அழைத்தால் போதும் என்பவனும் கட்டமாட்டான். அந்தப் பந்தயக் காரை வடிவமைத்தவர்கள் ஆயத்தத்தை முற்றிலும் நீக்கிவிடவில்லை. பணம் கொடுத்து வேறு யாரிடமோ ஒப்படைத்துவிட்டனர். சென்னையிலிருந்து வரும் வண்டியே அவர்களுடைய சேம அச்சு. அது வரும்வரையிலான மூன்று மணி நேரத்துக்கு ஏற்பாடு ஏதுமில்லை.

அந்த இளைஞரைக் குறை சொல்ல நமக்குத் தகுதியில்லை. அதற்குக் காரணத்தைச் சொல்லியாக வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன், இதே சாலையில், கூனிமேட்டுக்கு அருகே, இரவு ஒன்பது மணியளவில் நாம் வந்துகொண்டிருந்தோம். பழைய கார் ஒன்றின் அருகில் ஒரு குடும்பம் நின்றது; குழந்தை ஒன்று தோளில் உறங்கிக்கொண்டிருந்தது. ஒருவர் கையசைத்தார். நம் விளக்கொளியில் சக்கரம் தட்டையாயிருந்தது நன்றாகவே தெரிந்தது. நாம் நிற்கவில்லை. பெட்டிகளுக்கு இடம் வேண்டும் என்று ஜாக்கியையும் வீல் ஸ்பேனரையும் எடுத்து வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தோம். கருவி இல்லாமல் நின்று என்ன பயன் என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டோம். அப்போது நம் கையில் செபமாலை இருந்தது. மூன்றாம் மறைபொருளில் இருந்தோம். அதைத் தொடர்ந்து சொல்லி முடித்தோம்.

நல்ல சமாரியர் உவமையை மறுபடி வாசித்தபோது, முன்பு கவனியாத ஒன்று கண்ணில் பட்டது. குருவும் லேவியரும் கல்நெஞ்சர்கள் என்றே இதுவரை மறையுரைகளில் கேட்டுவந்திருக்கிறோம். அவர்களிடம் கொடுப்பதற்கு ஒன்றும் இல்லாமலும் இருந்திருக்கலாம். சமாரியரிடமோ எண்ணெய் இருந்தது, திராட்சை மது இருந்தது, கட்டுவதற்குத் துணி இருந்திருக்கவேண்டும், ஏற்றிச் செல்ல விலங்கு இருந்தது, சாவடிக்காரரிடம் கொடுக்க இரண்டு தெனாரியம் இருந்தது. அந்த எண்ணெயை அவர் எரிகோ சாலையில் கிடந்த அந்நியனுக்காக எடுத்துவரவில்லை, தமக்காகவே எடுத்துவந்தார். ஆனால் எடுத்துவந்திருந்தார். அவருடைய இரக்கத்திற்குக் கையும் காலும் கொடுத்தது அவருடைய ஆயத்தம். நம்முடைய ஆயத்தமின்மையோ நம் இரக்கமின்மைக்கு நல்ல சாக்காக வாய்த்தது. அன்று நம் வண்டியில் ஜாக்கி இருந்திருந்தால் நின்றிருப்போமா? இந்த வினாவுக்கு நேர்மையான விடை நம்மிடம் இல்லை. ஆனால் ஜாக்கி இல்லாதது நமக்கு ஆறுதலாய் இருந்தது என்பது மட்டும் உண்மை.

விபத்தில் சிக்கியவருக்கு உதவுவோரைக் காவல்துறையும் நீதிமன்றமும் அலைக்கழிக்கக் கூடாது என்னும் நெறிமுறைகளுக்கு 2016ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் ஒப்புதல் அளித்தது. 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் 134அ பிரிவின் வழியாக அவர்களுக்குப் பாதுகாப்பு வழங்கியது. நல்ல சமாரியர் என்ற பெயராலேயே நம் நாட்டுச் சட்டம் அவர்களை அழைக்கிறது. லூக்கா நற்செய்தியின் ஒரு சொல் இந்தியச் சட்டநூலில் இடம் பெற்றிருப்பதை நம் மக்களுள் எத்தனை பேர் அறிவர்! அதற்கும் முன்பே, 2007ஆம் ஆண்டு ஜூன் மாதம், குடிபெயர்ந்தோர், வழிப்பயணிகள் ஆகியோரின் மேய்ப்புப் பணிக்கான திருப்பீட அவை சாலைப் பயணத்தைப் பற்றி ஓர் ஏடு வெளியிட்டு, ஓட்டுநர்களுக்குப் பத்துக் கட்டளைகளை வகுத்தது. எதிர்பாராதவற்றைச் சந்திக்க முன்மதி துணை நிற்கும் என்பது மூன்றாவது. இடரில் உள்ள அயலாருக்கு உதவு என்பது நான்காவது. வண்டியை அதிகாரத்தின் அடையாளமாக ஆக்காதே என்பது ஐந்தாவது. இம்மூன்றும் அடுத்தடுத்து நிற்பது தற்செயல் என்று நமக்குத் தோன்றவில்லை. வில்லியனூர் லூர்தன்னை திருத்தலத்திலோ வேளாங்கண்ணியிலோ புது வண்டியை மந்திரித்து, மெழுகுதிரி ஏற்றி, பூமாலை சூட்டி எடுத்துவருகிறோம். அந்நாளில் பின்கதவைத் திறந்து ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று பார்ப்பவரை நாம் கண்டதில்லை.

இங்கே ஒரு தடை எழலாம். முன்மதி உடைய ஐந்து தோழியரும் தங்கள் எண்ணெயைப் பகிர்ந்துகொள்ள மறுத்தார்களே. அவர்களை ஆண்டவர் கண்டிக்கவில்லையே. ஆயத்தம் செய்தவர் ஆயத்தம் செய்யாதவருக்குக் கொடுக்கத் தேவையில்லை என்பதா பொருள்? இளமையில் இவ்வுவமை நம்மை மிகவும் உறுத்தியதுண்டு. அந்த ஐவரும் கொஞ்சம் கொடுத்திருந்தால்தான் என்ன?

பிள்ளைச்சாவடி மணலில்தான் இதற்கு ஒரு விளக்கம் கிடைத்தது. நம் காரின் ஸ்டெப்னியைக் கழற்றி அந்த இளைஞருக்குக் கொடுத்திருந்தாலும் பயன் இல்லை. துளைகளின் எண்ணிக்கையும் இடைவெளியும் வேறு, விட்டம் வேறு, அகலம் வேறு. கொடுக்கக்கூடாது என்பதன்று, கொடுத்தாலும் பொருந்தாது. புனித அகுஸ்தினார் அந்த எண்ணெய்க்கு அன்பு என்று பொருள் கண்டார். ஒருவர் அன்பு செய்ததை இன்னொருவர் தம் கணக்கில் எழுதிக்கொள்ள முடியாது. ஒருவரின் மனச்சான்றை இன்னொருவர் இரவல் வாங்க முடியாது. அவரவர் சக்கரம் அவரவர்க்கே. ஆனால் ஜாக்கியை இரவல் தரலாம். ஸ்பேனரைத் தரலாம், காற்றடிக்கும் பம்பைத் தரலாம், டார்ச் விளக்கைத் தரலாம், நேரத்தைத் தரலாம். சமாரியர் தம் நேரத்தைக் கொடுத்ததைத் திருத்தந்தை பிரான்சிசு 2020ஆம் ஆண்டில் எழுதிய தம் சுற்றுமடலில் தனித்துக் குறிப்பிட்டார். பகிர முடியாதவற்றுக்கு ஒவ்வொருவரும் தாமே பொறுப்பு. பகிர முடிந்தவற்றை வண்டியில் இருக்கும் அனைவருக்காகவும், வழியில் நிற்கும் அனைவருக்காகவும் வைத்திருக்கிறோம். உவமைகள் இரண்டும் தம்முள் முரண்படவில்லை. இரண்டு வேறு பொருள்களைப் பற்றிப் பேசுகின்றன.

இந்த எண்ணங்கள் எல்லாம் பிறகு வந்தவை. அந்த மாலையில் எண்ணுவதற்கு நேரமில்லை. கார் நின்ற இடத்துக்குச் சற்றுப் பின்னால் வளைவு இருந்தது. வருகிறவர்களுக்கு அது தெரியாது. கடற்கரைப் பக்கத்திலிருந்து மீனவர்கள் நால்வர் வந்தனர். அவர்களுள் மூத்தவர் ஒன்றும் கேட்கவில்லை. முதலில் சாலையோரத்துப் பூவரச மரத்திலிருந்து இலையோடு ஒரு கிளையை ஒடித்தார். ஐம்பது தப்படி பின்னால் நடந்து போய், சாலையின் ஓரத்தில் அதை நட்டதுபோல் நிறுத்தி, நான்கைந்து கற்களை அணைகொடுத்தார். இளைஞரின் வண்டியில் மடித்து வைக்கக்கூடிய சிவப்பு முக்கோணம் ஒன்று, பிரிக்கப்படாத உறையோடு, குப்பிக்கு அடியில் இருந்ததை அப்போதுதான் அவரே கண்டார். அதையும் வாங்கிக் கிளைக்கு முன்னால் வைத்தனர்.

மணலில் காரின் பின்பகுதி அமிழ்ந்துகொண்டே இருந்தது. நம்முடைய ஜாக்கி இம்முறை வண்டியில் இருந்தது. ஆனால் அது அந்தக் காரின் வயிற்றுக்கு அடியில் நுழையவே இல்லை, அவ்வளவு தாழ்வு. கண்ட இடத்தில் முட்டுக்கொடுத்தால் அடித்தகடு நொறுங்கிவிடும் என்று இளைஞர் அஞ்சினார். அதுவும் நியாயமே. "பலகை எடுத்தாங்கடா" என்றார் மூத்தவர். படகைக் கரையேற்றும்போது அடியில் இடும் தடித்த பலகைகள் இரண்டு வந்தன. நால்வரும் தோள் கொடுத்துப் பின்பகுதியைச் சற்றே உயர்த்த, சக்கரத்தின் அடியில் பலகை சென்றது. இனி அமிழாது, இழுவை வண்டி வந்தால் சறுக்கி ஏற்றிவிடலாம்.

காத்திருக்கையில் அந்த மூத்தவரோடு பேசிக்கொண்டிருந்தோம். ஃபைபர் படகில் இயந்திரம் பூட்டிக் கடலுக்குப் போகிறவர் அவர். இயந்திரம் இருந்தும் துடுப்பு எடுத்துப் போவதுண்டா என்று கேட்டோம். அவர் நம்மை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "துடுப்பு இல்லாம எவன் போவான் சாமி? பிளக்கும் ரெண்டு வச்சிருப்போம். நமக்கு இல்லேன்னாலும் பக்கத்துப் படகுக்காரன் கேப்பான்ல" என்றார். உமணருடைய அறிவும் சமாரியருடைய எண்ணெய்க் கலமும் ஒரே மூச்சில் அவர் வாயிலிருந்து வந்துவிட்டன. இந்த மக்களின் ஆயத்தம் எல்லாவற்றையும் தடுத்துவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 2004 டிசம்பர் 26 அன்று இக்கரைக்கு வந்த ஆழிப்பேரலைக்கு எந்தத் துடுப்பும் போதவில்லை. புதுவைத் துறைமுகத்திற்கு 1980களில் அலைத்தடுப்புச் சுவர்கள் எழுந்த பிறகு, தெற்கிலிருந்து வரவேண்டிய மணல் தடைப்பட்டு, வடக்கேயுள்ள கரை ஆண்டுதோறும் அரிக்கப்படுகிறது. பிள்ளைச்சாவடியும் அதற்குத் தப்பவில்லை. அது இம்மக்களின் முன்மதிக் குறைவால் வந்ததன்று. யாரோ யோசிக்காமல் விட்டதன் விலையை வேறு யாரோ செலுத்துகின்றனர்.

எட்டு மணியளவில் வேளாங்கண்ணி நடைப்பயணிகள் கூட்டம் ஒன்று எங்களைக் கடந்து சென்றது. காவி உடை, வெறுங்கால், தோளில் சிறு பை. முன்னால் அன்னையின் சிறு தேரை இழுத்துச் சென்றனர். கொடியேற்றத்துக்குள் போய்ச் சேரவேண்டும் என்று நடந்துகொண்டிருந்தவர்கள். பையும் பணமும் வேண்டாம் என்று அனுப்பப்பட்ட சீடர்களை நாம் கண்ணாரக் காண்பது ஆகஸ்டு மாதத்தில் இச்சாலையில்தான். அவர்கள் ஆயத்தமின்றிப் போகவில்லையா? போகிறார்கள். ஆனால் வழியெங்கும் மோர் கொடுப்பவரும் சோறு போடுபவரும் படுக்க இடம் தருபவரும் இருக்கின்றனர். சீடர்களும் ஏதுமின்றிச் செல்ல முடிந்தது, ஏற்றுக்கொள்ளும் வீடுகள் இருந்ததால்தானே. ஒருவர் வெறுங்கையோடு நடப்பதற்கு இன்னொருவர் அடுப்பில் உலை வைத்திருக்க வேண்டியிருக்கிறது. சாவடி கட்டியவரின் முன்மதியில்தான் வழிப்போக்கரின் நம்பிக்கை தங்கியிருந்தது. அந்தப் பயணிகளுள் ஒருவர் நின்று காரைப் பார்த்தார். இளைஞரின் மனைவியிடம் தம் பையிலிருந்து ஒரு தண்ணீர்ப் பாட்டிலைக் கொடுத்துவிட்டுப் போனார்.

இழுவை வண்டி வந்தபோது மணி பத்தைத் தாண்டியிருந்தது. பலகைமீது சறுக்கிக் கார் ஏறிவிட்டது. இளைஞர் பணம் கொடுக்க முற்பட்டார். மூத்தவர் மறுக்கவும் இல்லை, கைநீட்டவும் இல்லை. தம்மோடு வந்த இளவட்டங்களைக் காட்டி, "பசங்களுக்கு டீ வாங்கிக் கொடு தம்பி" என்றார். பிறகு அந்தக் கிளையை நோக்கி நடந்தார். நாமும் கூடச் சென்றோம். கிளையை எடுத்துப் பள்ளத்தில் எறிந்தார். அணைகொடுத்த கற்களை ஒவ்வொன்றாகக் காலால் அல்ல, குனிந்து கையால் எடுத்து அப்புறப்படுத்தினார். "வண்டி சரியானதும் கல்லை அப்படியே வுட்டுட்டுப் போயிடுறானுவ. போன வருசம் ஒரு பையன் பைக்குல வந்து இதுலதான் வுழுந்தான்" என்றார்.

நம் இரவு செபத்தில் அந்தக் கற்கள் வந்துகொண்டே இருந்தன. நாம் நம் வாழ்வில் பழுது பார்த்துவிட்டுக் கிளம்பிய இடங்களில் எத்தனை கற்களை விட்டுவந்திருக்கிறோமோ?

மறுநாள் காலை, பஞ்சர் கடை ஒன்றில் நம் வண்டியின் ஸ்டெப்னியைக் கீழே இறக்கச் சொன்னோம். நாம் ஆயத்தமானவர்கள் என்ற எண்ணம் அதுவரை நமக்கு இருந்தது. கடைக்காரர் அளவுமானியை வைத்தார். முப்பத்துமூன்று இருக்கவேண்டிய இடத்தில் பன்னிரண்டு காட்டியது. ஓடாத டயரிலும் காற்று ரப்பரின் வழியே மாதந்தோறும் சிறிது சிறிதாகக் கசிந்துகொண்டுதான் இருக்குமாம். பக்கச்சுவரில் நான்கு இலக்கங்களை விரலால் துடைத்துக் காட்டினார். 1412. 2012ஆம் ஆண்டின் 14ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். ஒரு நாளும் சாலையைத் தொடாமலேயே மூப்படைந்து, பொத்தானைப் போல் விறைத்துப் போயிருந்தது. "இதை மாட்டியிருந்தீங்கன்னா ரெண்டு கிலோமீட்டர் போயிருக்கமாட்டீங்க" என்றார் அவர். திறந்து பாராமலே பத்திரமாக வைத்திருந்த பொருள். வீட்டுச் சுவரில் தொங்கும் செபமாலைகள், அலமாரியில் இருக்கும் விவிலியம் எல்லாம் அந்தக் கடையின் முக்காலியில் உட்கார்ந்திருந்தபோது நினைவுக்கு வந்தன. புது டயர் வாங்கினோம். ஜாக்கி தாழ்ந்த வண்டிக்கும் நுழைய வேண்டும் என்று தட்டையான ஒன்றையும் பார்த்து வாங்கினோம். நம் வண்டிக்கு அது தேவையில்லை.

அன்று மாலை பிள்ளைச்சாவடிக்கு மீண்டும் செல்லவேண்டியிருந்தது. முந்தைய இரவின் பரபரப்பில் பலகைகளுள் ஒன்று இழுவை வண்டியோடு சிறிது தூரம் போய், சாலையோரத்தில் இருந்ததை எடுத்து நம் வண்டியில் போட்டிருந்தோம். திருப்பித் தர மறந்துவிட்டோம். கடற்கரையில் படகுகளுக்கு இடையே அந்த மூத்தவரைத் தேடிக் கண்டோம். வலையைச் சரிசெய்துகொண்டிருந்தார். பலகையைக் கண்டதும் எழுந்து வந்து வாங்கி, இரு புறமும் திருப்பிப் பார்த்து, மணலைத் தட்டினார்.

"காலையில ஒத்தப் பலகைய வச்சுத்தான் தள்ளுனோம்" என்றார். பிறகு அதைப் படகின் அடியில், மற்றதன் பக்கத்தில், கொண்டுபோய்ச் சேர்த்தார்.